கடலுக்கும் விதைநெல் உண்டு!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தஞ்சைத் தரணியில் மூன்று கதவுகள் திறக்கின்றன.

முதல் கதவு மேட்டூரில் இருக்கிறது. வழக்கமாக ஜூன் 12-ந் தேதி அணையின் மதகுகள் உயரும். குறுவைக்குத் தண்ணீர் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கும். இரண்டாவது, பள்ளிக்கூடங்களின் கதவு. கோடை விடுமுறை முடிந்து, பிள்ளைகள் புதுப் புத்தகமும் கையுமாக வகுப்புக்குத் திரும்புகிறார்கள். மூன்றாவது கதவு எது?

கடலின் கதவு! ஏப்ரல் 15-ந் தேதி அடைபட்ட அந்தக் கதவு, ஜூன் 14-ந் தேதி நள்ளிரவோடு திறந்துவிடுகிறது. 61 நாட்கள் கரையில் கட்டிக் கிடந்த விசைப்படகுகள், டீசலும் ஐஸும் நிரப்பிக்கொண்டு புறப்படத் தயாராகின்றன. மீன்கள் சினை வைக்கும் பருவத்தில் அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக 2001-ல் தொடங்கிய ஏற்பாடு இது. அப்போது 45 நாட்கள். 2017-ல் 61 நாட்களாயிற்று.

முதல் இரண்டு கதவுகளைப் பற்றித் தஞ்சைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நாலாம் வகுப்புப் பையன்கூட மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று சொல்லிவிடுவான். ஆனால், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வகுப்பறைக்குள் போய், "கடல் எப்போது திறக்கிறது?" என்று கேட்டால் எத்தனை கைகள் உயரும்? ஐந்து உயர்ந்தாலே அதிசயம்.

இத்தனைக்கும் அந்த வகுப்பிலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் வாரம் ஒரு நாளாவது மீன் சாப்பிடுகிறவர்கள்தாம்!

தஞ்சைக்குக் கடல் உண்டா?

தஞ்சை என்றதும் பெரிய கோவிலும் நெல்வயலும்தான் நினைவுக்கு வரும். பழைய தஞ்சை ஜில்லாவிலிருந்து 1991-ல் நாகப்பட்டினமும், 1997-ல் திருவாரூரும் பிரிந்து போனபின், தஞ்சைக்குக் கடல் இல்லை என்றே வெளியூர்க்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் தெற்கே போனால், தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் கடல் தொடங்கிவிடுகிறது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று வரிசையாக மீனவ ஊர்கள். நடுவே, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக 1814-ல் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா, எட்டு அடுக்குக் கோபுரமாக நிற்கிறது. ஐரோப்பாவில் நடந்த போருக்குப் பேராவூரணிப் பக்கத்தில் ஞாபகச் சின்னம்! சரித்திரத்தில் இப்படியும் சில வேடிக்கைகள் உண்டு.

மனோராவுக்கு எதிரே விரிந்து கிடப்பது பாக் விரிகுடா. ஒரு பக்கம் தமிழகம், மறுபக்கம் இலங்கை. நடுவிலுள்ள இந்த நீர்ப்பரப்பு பெரும்பாலும் பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. வங்கக் கடலைப்போல ஆர்ப்பரிக்காது. ஏரிபோல் அடங்கிக் கிடக்கும். வெயில் அடிமணல் வரை இறங்குகிறது. அதனால் அங்கே ஓர் அதிசயம் விளைகிறது. அதுதான் புல்!

கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. வேரும் தண்டும் இலையும் பூவும் உள்ள உண்மையான தாவரம் இது. தஞ்சைக்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால், கடலடியில் உப்புத் தண்ணீரில் தானாக வளரும் நாற்றங்கால். ஓரா மீன் மேய்வது இங்கேதான். இறால் குஞ்சுகள் பதுங்குவது இங்கே. கணவாய் முட்டையிடுவதும், நண்டு வளர்வதும் இங்கேதான். நாற்றங்கால் அழிந்தால் நடவு ஏது? நடவு இல்லாமல் அறுவடை ஏது?

இந்தப் புல்லை மட்டுமே நம்பி வாழ்கிற ஒரு பிராணியும் இங்கே உண்டு. கடற்பசு! மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மீன் இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணி. ஒருவகையில் யானைக்குத் தூரத்துச் சொந்தம். மூன்று மீட்டர் நீளம் வரை வளரும். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோ புல் மேயும். சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் செத்துப் போகும். மூன்று முதல் ஏழு வருஷங்களுக்கு ஒருமுறை, ஒரே ஒரு குட்டிதான் போடும். ஆகவே ஒன்று செத்தால் அந்த இடம் நிரம்பப் பல காலம் ஆகிறது.

முன்பு இறைச்சிக்காக இதை வேட்டையாடினார்கள். இன்று 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமான இடத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழக அரசாங்கம், அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களின் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று ஏற்பட்ட முதல் பாதுகாப்பகம் இதுதான். அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருக்கிறது. அந்தச் சமயத்தில் நாடு முழுவதும் எஞ்சியிருந்த கடற்பசுக்கள் ஏறத்தாழ 240 என்று அரசாங்கமே சொல்லிற்று. 2025 அக்டோபரில் அபுதாபியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டிலும் இந்தப் பாதுகாப்பகத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது.

அபுதாபிக்குத் தெரிந்த செய்தி அம்மாபேட்டைக்குத் தெரியுமா? அதுதான் கேள்வி.

மூங்கில் சட்டமும் கயிறும்

பேராவூரணிப் பக்கம் வெளிவயல் என்று ஒரு சின்னக் கடலோர ஊர். அங்கே ஓம்கார் என்னும் தொண்டு ஸ்தாபனம் பாக் விரிகுடா சுற்றுச்சூழல் கல்வி மையம் ஒன்றை நடத்தி வருகிறது. தோற்றுவித்தவர் வேதராஜன் பாலாஜி என்ற கடல் ஆராய்ச்சியாளர்.

அழிந்த கடற்புல்லை மறுபடி வளர்க்க இவர்கள் கையாளும் முறை, கேட்பவர்களுக்குச் சிரிப்பைக்கூட உண்டாக்கலாம். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. மூங்கிலைச் சதுரச் சட்டமாகக் கட்டுகிறார்கள். குறுக்கே தேங்காய்நார்க் கயிறு. அந்தக் கயிற்றில் கடற்புல் நாற்றுக்களைச் செருகி, சட்டத்தைக் கடலடியில் கொண்டுபோய்ப் பதிக்கிறார்கள். வேர் பிடித்துப் புல் பரவிய பிறகு, மூங்கிலும் கயிறும் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். பிளாஸ்டிக் ஒரு துண்டுகூட மிஞ்சாது.

நடவு தெரிந்த நாட்டில் இதைப் பிள்ளைகளுக்கு விளக்க ஐந்து நிமிஷம் போதும். கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கும் "கடல் வளம் காப்போம்" என்ற வாசகத்தைவிட, ஒரு கயிற்றில் ஒரு நாற்றைச் செருகிப் பார்ப்பது ஆயிரம் மடங்கு மேல். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனமும் கடற்பசு மீட்புத் திட்டத்தின் கீழ், மீனவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் ஏற்பாடு செய்தது. கடற்பசுவைக் கண்டால் தகவல் சொல்ல மீனவர்களையே தொண்டர்களாகச் சேர்த்தது.

இதனால் பலன் இல்லாமல் போகவில்லை. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்துக் கடலில் விட்ட சம்பவங்கள் இந்தக் கரையில் அண்மை வருஷங்களில் நடந்திருக்கின்றன. ஒரு வலையின் விலை என்ன என்று தெரிந்தவர்களுக்கு, அந்தக் கத்தி வெட்டு எத்தனை பெரிய தியாகம் என்பது புரியும். அப்படிச் செய்தவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்தும் இருக்கிறது.

பாடம் கேட்டார்கள், பலன் கிடைத்தது. கதை இத்துடன் சுபமாக முடிந்துவிடுமா? அங்கேதான் சிக்கல்.

பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று

ஒரு விசைப்படகுக்காரரின் மகனை எண்ணிப் பாருங்கள். பகலில் பள்ளிக்கூடத்தில், "இழுவை மடி கடற்புல்லை வேரோடு பெயர்க்கிறது" என்று உபாத்தியாயர் சொல்லிக் கொடுக்கிறார். உண்மைதான். அந்த மடியின் இரு பக்கமும் கனத்த பலகைகள். அடிமணலை உழுதுகொண்டே போகிற அந்த மடி, வயலில் ஏரை இறக்கி நாற்றங்காலையே உழுதுவிடுவது போன்றது. பையன் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறான். அப்பா அந்த இழுவை மடியைத்தான் திண்ணையில் விரித்துப் போட்டுக் கிழிசல் முடைந்துகொண்டிருக்கிறார். அவனுடைய சீருடையும் புத்தகப் பையும் அந்த மடி சம்பாதித்தவை.

பையன் என்ன செய்வான்? அப்பாவைக் குற்றவாளி என்று நினைப்பானா? அல்லது வாத்தியார் சொன்னது பரீட்சைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பானா? இரண்டாவதுதான் நடக்கும். அதற்காக அவனைக் குறைசொல்வதற்கில்லை.

அந்த மடியை அவன் அப்பா கண்டுபிடிக்கவில்லை. 1952-ல் நார்வே நாட்டோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கேரளத்தில் தொடங்கிய திட்டத்தில்தான் இந்தியாவின் இயந்திரப் படகு யுகம் வேகம் பிடித்தது. "மீன் உற்பத்தியைப் பெருக்குங்கள்" என்பதே அன்றைய தாரக மந்திரம். 1960-களின் பின்பகுதியில் இழுவைப் படகுகள் பாக் விரிகுடாவுக்கும் வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. அரசாங்கமே மானியம் கொடுத்தது, கடன் கொடுத்தது, படகு வாங்கு, வாங்கு என்று சொன்னது. அன்று அதுவும் ஒரு பாடந்தான்! அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துத் தேறியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இப்போது வேறு பாடம் சொல்லப்படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது. அந்தப் பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது. பாக் விரிகுடாவில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு. மீதி நாலு நாள் நாட்டுப்படகு. இழுவை வலையின் மடிப்பையில் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரட்டை மடிக்கு 2000-லேயே தடை விதித்தாயிற்று. காகிதத்தில் எல்லாம் கச்சிதம்.

நடப்பது என்ன? மூன்று மைலுக்கு அப்பால் போனால் கொஞ்ச தூரத்தில் சர்வதேச எல்லைக் கோடு. குறுகிய விரிகுடா அல்லவா? இலங்கையில் 1983 முதல் 2009 வரை யுத்தம் நடந்த காலத்தில், வட இலங்கை மீனவர்கள் கடலுக்கு வர முடியாமல் முடங்கிக் கிடந்தார்கள். இங்கேயுள்ள படகுகள் அந்தப் பக்கம் தாராளமாகப் போய் வந்தன. யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பி வந்து பார்த்தால், அவர்கள் வலையைத் தமிழகத்து மடி அறுத்துக்கொண்டு போகிறது. அவர்களும் தமிழர்கள்; அவர்களும் ஏழைகள். 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியையே சட்ட விரோதமாக்கிவிட்டது. அதே மாதத்தில் இந்தியாவும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக, சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகள் கொடுப்பதென்று. எதிர்பார்த்த வேகத்தில் அது நடக்கவில்லை. ஒரு நாளில் போய் வந்து பழகியவர்களுக்கு, வாரக் கணக்கில் நடுக்கடலில் தங்கும் தொழில் புதிது. மானியம் போக மீதிக் கடனும் தலைமேல் நிற்கும்.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தபோது, மல்லிப்பட்டினம் துறையில் நின்ற படகுகள் பல ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. பின்னால் நின்ற தென்னையும் சாய்ந்தது. கடலையும் தோப்பையும் ஒரே இரவில் இழந்த ஊர்கள் அவை. அப்படி விழுந்து எழுந்தவரிடம் போய், "நாளைய தலைமுறைக்காக இன்று குறைவாகப் பிடி" என்று சொல்வது எளிது. "இன்றைய வட்டியை யார் கட்டுவது?" என்று அவர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

ஆகவே, கடற்பசுப் படம் போட்ட துண்டுப் பிரசுரத்தை மீனவப் பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைப்பது நியாயம் ஆகாது. கடலை அவன் வீட்டார் மட்டும் சுரண்டவில்லை. சுரண்டலின் லாபத்தில் பெரும் பகுதி அவன் வீட்டுக்கு வருவதும் இல்லை.

சங்காயம் என்னும் ரகசியம்

இழுவைப் படகு கரை சேர்ந்ததும், இறால் ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். எல்லாம் பிரித்தானபின் ஒரு குவியல் மிஞ்சும். விரல் நீளக் காரல், பூவாக நண்டுக் குஞ்சு, இன்ன மீன் என்றே அடையாளம் தெரியாத பொடிகள். சங்காயம் என்று அதற்குப் பெயர். மனிதர் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. உலர்த்திப் பொடியாக்கிக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகிறது.

விதைநெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்பவனைத் தஞ்சை ஜில்லாவில் என்ன சொல்வார்கள்? பசி தாங்காமல் தின்றான் என்றால் இரக்கப்படுவார்கள். விதைநெல்லை அள்ளிக் கோழிக்குப் போடுகிறவனை? அதற்குச் சொல்லே கிடையாது! கடலில் தினமும் நடப்பது அதுதான். ஓர் ஆண்டு விட்டிருந்தால் கூடை நிறைய மீனாகியிருக்கக்கூடிய குஞ்சுகள், கிலோ சில ரூபாய்க்கு மாவு ஆலைக்குப் போகின்றன.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டிய பாடங்களில் தலையாயது இந்தச் சங்காயக் கணக்குத்தான். கடற்பசு பார்க்க லட்சணமானது. படம் போட்டால் பிள்ளைகள் வர்ணம் தீட்டுவார்கள். சங்காயத்துக்கு யார் வர்ணம் தீட்டுவார்கள்? ஆனால் கணக்குப் பாடத்தில் அது உட்காரும். ஒரு கூடைக் குஞ்சின் இன்றைய விலை என்ன, வளர்ந்தபின் விலை என்ன, இடையில் நஷ்டப்பட்டவர் யார், லாபம் அடைந்தவர் யார்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு.

சென்னையில் நடந்தது

மாணவர்களைக் கடலின் பக்கம் திருப்பும் முயற்சி தமிழகத்துக்குப் புதிதல்ல. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இயங்கி வருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு முழுவதும் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைத் தேடி எடுத்து, பாதுகாப்பான இடத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் ஆயிரக்கணக்கில் அவர்களோடு நடந்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டை நெருங்கும் தொண்டு!

அந்தச் சென்னைக் கடற்கரையிலேயே 2025 ஜனவரியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கி மூச்சு முட்டியதே முக்கிய காரணம் என்று சொல்லப்பட்டது. வலைக்குள் அகப்பட்ட ஆமை தப்பிப் போவதற்கென்றே ஒரு சாதனம் இருக்கிறது. அதைப் பொருத்த வேண்டும் என்று விதியும் இருக்கிறது. பொருத்தியதும் இல்லை, கேட்டவரும் இல்லை.

மாணவர்களின் தொண்டு வீண் என்று இதற்கு அர்த்தமல்ல. கரையில் மாணவன் ஒரு முட்டையைக் காப்பாற்றுகிறான். கடலில் ஓர் அமலாகாத விதி அதன் தாயைக் கொல்கிறது. பாடம் படிக்காதவர் யார் என்பதே இங்கே விஷயம்.

கனடா நாட்டின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் இதைவிடப் பெரிய கோரம் நடந்தது. பல நூற்றாண்டுகளாக உலகத்துக்கே காட் மீன் கொடுத்த கடல் அது. கரையோரச் சிறு மீனவர்கள் 1980-களிலேயே மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று முறையிட்டார்கள். மேலிடத்துக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 1992 ஜூலை 2-ந் தேதி, மீன்பிடிப்பையே நிறுத்தும்படி ஆயிற்று. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு வருஷம் என்று சொன்ன தடை, 2024 வரை நீடித்தது. படிக்காத மீனவன் சொன்னதைப் படித்தவர்கள் கேட்கவில்லை, விளைவு அது.

இங்கும் அப்படித்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயரை வைத்தே எந்த மீன் எப்போது வரும் என்று சொல்லும் நாட்டுப்படகுக்காரர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். எந்த மேட்டில் புல் இருந்தது, எந்த வருஷம் போயிற்று என்ற கணக்கு அவர்கள் தலையில் இருக்கிறது. கடலைப் பற்றிய பாடத்தை அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் அனுப்புகிறார்களே தவிர, அவர்களை வகுப்பறைக்கு அழைத்து நாற்காலி போட்டுச் சொல்லச் சொன்ன பள்ளிகள் எத்தனை?

வீணாய்ப் போகும் தண்ணீரா?

இனி நெல் நாட்டுப் பிள்ளைகளுக்கு வருவோம். இவர்களுக்குக் கடல் பாடம் எதற்கு?

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கொள்ளிடம் நிரம்பி ஓடினால், பத்திரிகைகள் எல்லாம் ஒரே குரலில் எழுதுகின்றன: "இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது!" இதைப் படித்தே இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. கடலில் கலப்பது என்றால் வீண் என்றே அர்த்தம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். இதைவிடத் தவறான கடல் பாடம் வேறு இருக்க முடியாது.

முத்துப்பேட்டையில் போய்ப் பார்த்தால் தெரியும். காவிரியின் கிளைகளான பாமணியாறு, கோரையாறு முதலியவை வந்து கடலைத் தொடும் இடத்தில், பெரிய அலையாத்திக் காடு இருக்கிறது. உப்பும் நன்னீரும் கலந்தால்தான் அந்தக் காடு செழிக்கும். நன்னீர் வரத்துக் குறைந்தால் உப்பு ஏறி மரம் குன்றும். அந்த மர வேர்களுக்கு இடையேதான் இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன. ஆறு கொண்டுவரும் வண்டலும் சத்தும்தான் கடலுக்கு உரம். மேட்டூர் அணை 1934-ல் வந்தபின், மேலே இன்னும் பல அணைகள் வந்தபின், அந்த வண்டல் பெருமளவு அணைகளிலேயே தங்கிவிடுகிறது.

கடைமடை விவசாயி தண்ணீருக்கு அழும்போது, கடலுக்குத் தண்ணீர் விடு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. அவன் குறை உண்மையானது. ஆனால் பாசனத்துக்குச் சேமிப்பது ஒன்று; கடலுக்குப் போகும் ஒவ்வொரு சொட்டும் பாழ் என்று சாதிப்பது வேறு. கடைமடைக்கும் அப்பால் இன்னொரு கடைமடை இருக்கிறது. அதற்குப் பெயர் கழிமுகம். அங்கே வலை வீசுகிறவனும் காவிரியின் பிள்ளைதான்.

தண்ணீரோடு வேறு சிலவும் போகின்றன. வயலில் தெளித்த பூச்சிமருந்தின் மிச்சம், வாய்க்காலில் எறிந்த பிளாஸ்டிக் பை, ஊர்ச் சாக்கடை எல்லாம் கடைசியில் போய்ச் சேர்வது அந்த ஆழமில்லாத பாக் விரிகுடாவிலும் வங்கக் கடலிலுந்தான். ஒரத்தநாட்டில் வாய்க்காலில் பையை எறியும் கை, கடற்புல்லின்மேல் பையைப் போடுகிறது. இதைச் சொல்லித் தரவேண்டிய பள்ளி ஒரத்தநாட்டில் இருக்கிறது. மல்லிப்பட்டினத்தில் மட்டும் அல்ல.

பத்துச் சென்டிமீட்டர்

சுற்றுச்சூழல் கல்வி எல்லா வகுப்பிலும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22-லேயே சொல்லிவிட்டது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு அது. பாடப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. பரீட்சையில் ஐந்து மார்க்குக் கேள்வியாகவும் வருகிறது. மார்க்கு வாங்கியவுடன் மறந்து போவதற்கு அதுவே வழியும் ஆயிற்று.

கேரளத்தில் வேறொரு காரியம் செய்தார்கள். மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி, இன்ன மீன் இத்தனை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது என்று அளவு நிர்ணயித்தார்கள். 2015-ல் 14 வகைகளில் ஆரம்பித்து, 2017-ல் 58 வகைகளாக்கினார்கள். மத்திக்கு 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்திக்கு 14. ஒரு தரமாவது முட்டையிட்ட பிறகுதான் மீன் குழம்புக்கு வரவேண்டும் என்பது இதன் தாத்பரியம்.

இந்த அளவுக்கு ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஆறாம் வகுப்பு மாணவனின் ஜாமெட்ரி பெட்டியில் உள்ள அடிக்கோல் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு மீன் கடைக்குப் போகிற பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போகலாம். தட்டிலுள்ள மத்தியை அளந்து பார்த்து, "இது எட்டுத்தான் இருக்கிறது அப்பா, வேண்டாம்" என்று சொல்லலாம். கடைக்காரர் முதலில் சிரிப்பார். இரண்டாவது வாரம் கோபிப்பார். பத்துப் பிள்ளைகள் அளக்க ஆரம்பித்துவிட்டால், மறுநாள் துறைமுகத்து ஏலத்தில் அவரும் சற்று யோசித்துத்தான் கை நீட்டுவார்.

மீனவப் பிள்ளை இதை அவன் அப்பாவிடம் சொல்லும்போது அது வீட்டுச் சண்டை. நெல் நாட்டுப் பிள்ளை கடையில் சொல்லும்போது அது விலை. சிறு மீனுக்குக் கிராக்கி குறைந்து, வளர்ந்த மீனுக்குக் கிராக்கி கூடினால், கரையில் இருக்கும் அப்பாவுக்கு வலைக் கண்ணைப் பெரிதாக்க ஒரு காரணம் கிடைக்கிறது. சட்டமும் கூடவே கண்ணை அளந்தால் இன்னும் நல்லது. மாவு ஆலை வாசலிலும் யாராவது அடிக்கோலோடு நின்றால் அதைவிட நல்லது.

மனோராவில் சர்வதேசக் கடற்பசுப் பாதுகாப்பு மையம் ஒன்று அமைக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. வெளியூர்களிலிருந்து பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். கடற்பசுவின் பொம்மையைப் பார்ப்பார்கள், படம் பிடித்துக்கொள்வார்கள். அந்த மையத்திலிருந்து மல்லிப்பட்டினம் ஏலக்கூடம் வெகு தூரமில்லை. பஸ்ஸை அங்கேயும் ஒரு மணி நேரம் நிறுத்தி, இறாலையும் கணவாயையும் எடுத்த பிறகு மூலையில் கிடக்கும் அந்தக் குவியலையும் காட்டி, அது எங்கே போகிறது என்று பிள்ளைகளையே கேட்டு எழுதிவரச் சொல்லலாம்.